கேடயத்தில் பொறித்த மூன்று சொற்கள்

(நம் மஹல்லாவின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவ மாணவியர் பாராட்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பட்டம் பெற்ற பிள்ளைகளை ஊர் கூடிப் பாராட்டும் வழக்கம் நம் மஹல்லாவில் வேரூன்றிவிட்டது. அதற்காக உழைத்தவர்கள் அனைவருக்கும் வல்லோன் நற்கூலி வழங்குவானாக. இவ்வாண்டு வழங்கப்படவிருக்கும் கேடயங்களில் ‘கல்வி, தலைமை, சேவை’ என்னும் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அழகான சொற்கள். அவற்றைத் தேர்ந்த செயலாளர் அவர்களைப் பாராட்டுகிறோம். ஆயினும், இப்பரிசுக்கென மாணவர்களிடம் வழங்கப்பட்ட விண்ணப்பப் படிவத்தையும் நாம் வாங்கிப் பார்த்தோம். அதில் மதிப்பெண் பட்டியலின் நகல் ஒன்றே கேட்கப்பட்டிருக்கிறது. கேடயத்தில் மூன்று, படிவத்தில் ஒன்று. மற்ற இரண்டையும் எதைக் கொண்டு அளந்தோம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதை நம் ஊரின் குறையாகக் கூறவில்லை. எங்கும் இப்படித்தான் நடக்கிறது. மதிப்பெண் எண்ணத் தக்கது. பரிவு எண்ணத் தக்கதன்று. எண்ண முடிந்ததை எண்ணிவிட்டு, எண்ண முடியாததைக் கேடயத்தில் எழுதிவிடுவது எளிது. ஆனால் எண்ண முடியாததையும் எண்ணிப் பார்க்கத் துணிந்த ஒரு பரிசு உலகில் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்தும் அது வழங்கப்பட்டு வருகிறது. அதன் வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, விலக்க வேண்டியதும் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயில்வதற்காக வழங்கப்படும் ரோட்ஸ் உதவித்தொகையைத்தான் குறிப்பிடுகிறோம். சிசில் ரோட்ஸ் என்பவர் 1902 மார்ச் 26 அன்று தென்னாப்பிரிக்காவில் இறந்தார். அவருடைய உயிலின்படி ஏற்படுத்தப்பட்டது இது. அந்த உயிலில் ஒரு வியப்பான கணக்கு இருக்கிறது. மாணவரைத் தேர்ந்தெடுக்க மொத்தம் இருநூறு மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், படிப்புக்கு 60. விளையாட்டில் ஆர்வத்துக்கும் வெற்றிக்கும் 40. வாய்மை, துணிவு, கடமையுணர்வு, நலிந்தோரிடம் பரிவு, தன்னலமின்மை, தோழமை ஆகிய குணங்களுக்கு 60. பள்ளி நாளிலேயே சக மாணவர் நலனில் அக்கறை காட்டி முன்னின்று நடத்தும் தலைமைப் பண்புக்கு 40. இப்படித்தான் அவர் பங்கிட்டிருக்கிறார். கவனியுங்கள்: படிப்புக்கும் அறுபது, நலிந்தோரிடம் காட்டும் பரிவை உள்ளிட்ட குணங்களுக்கும் அதே அறுபது. முதல் மதிப்பெண் வாங்கியவர் என்பதற்காக மட்டும் ஒருவர் இருநூறில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்ட முடியாது.

இதனினும் வியப்பானது, யார் அளப்பது என்பதற்கு அந்த உயில் தந்த விடை. படிப்பைத் தேர்வுத்தாள் அளக்கட்டும். தலைமைப் பண்பைத் தலைமையாசிரியர் அளக்கட்டும். விளையாட்டையும் குணத்தையும் மட்டும் உடன் படிக்கும் மாணவர்களே வாக்களித்து அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் நேர்காணலும் பரிந்துரைக் கடிதங்களுமே தேர்வு முறையாக நிலைத்தன என்பது உண்மை. ஆனாலும் அந்த எண்ணத்தில் ஓர் உலக ஞானம் இருக்கிறது. ஒரு மாணவன் ஆசிரியர் முன்னிலையில் எப்படி நடப்பான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். விடுதியில் காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி வாங்கி வந்தவன் யார், தேர்வுக்கு முந்திய இரவு தன் குறிப்பேட்டை ஒளித்து வைத்தவன் யார் என்பது பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குத்தான் தெரியும்.

இங்கே நிறுத்திக்கொண்டால் ரோட்ஸ் பெரிய மகான் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடும். அவ்வாறு எண்ணவிடுவது நியாயமாகாது.

ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, 1870ஆம் ஆண்டு பதினேழு வயதில் தென்னாப்பிரிக்கா சென்றவர் அவர். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பொருள் குவித்து 1888ஆம் ஆண்டு டி பீர்ஸ் நிறுவனத்தை ஒருங்கிணைத்தார். அந்தச் சுரங்கங்களில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முழுவதும் மதில் சூழ்ந்த அடைப்புகளுக்குள் வைக்கப்பட்டார்கள். வைரத்தை மறைத்து எடுத்துச் செல்கிறார்களா என்று ஆடை களைந்து சோதிக்கப்பட்ட பிறகே வெளியேற முடிந்தது. 1890 முதல் 1896 வரை ரோட்ஸ் கேப் காலனியின் பிரதமராகவும் இருந்தார். அவருடைய ஆட்சியில், 1892ஆம் ஆண்டு, வாக்குரிமைக்குரிய சொத்து மதிப்பு 25 பவுனிலிருந்து 75 பவுனாக உயர்த்தப்பட்டது. அதனால் வாக்கிழந்தவர்களில் மிகப் பலர் கறுப்பினத்தவரும் ஏழைகளுமே. ஷோனா, மட்டபெலே மக்களின் நிலங்களை அவருடைய கம்பெனி கைப்பற்றி, அந்நாட்டுக்கு அவர் பெயரையே சூட்டியது. அது இன்று ஜிம்பாப்வே. நலிந்தோரிடம் பரிவுக்கு அறுபது மதிப்பெண் வைத்தவர், தாம் வைத்த தேர்வில் தாமே எத்தனை பெற்றிருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. படிப்பிலும் அவர் பெரிதாகச் சாதித்தவரல்லர். சுரங்கத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்குமாக அலைந்து, 1873ஆம் ஆண்டு சேர்ந்தவர் 1881ஆம் ஆண்டுதான் சாதாரணப் பட்டம் பெற்றார்.

முறைகேடாய் வந்த பொருளைக் கொண்டு நன்மை தேட முடியுமா என்பது நம் மார்க்க நூல்கள் விரிவாகப் பேசும் பொருள். இவ்விடம் அதற்குரிய மேடையன்று. பொருளை அளித்தவர் ஒருவர். அதை உண்மையில் ஈட்டியவர்கள் அடைப்புக்குள் கிடந்த தொழிலாளர்கள். பரிசு பெற்றவர் எவருக்குக் கடன்பட்டவர் என்று கேட்டால், நம் தீர்ப்பு இரண்டாமவர் பக்கமே. இதை அங்குள்ள மாணவர்களே உணர்ந்திருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று, மாணவர் போராட்டத்தின் விளைவாகக் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்த ரோட்ஸ் சிலை அகற்றப்பட்டது. அதையடுத்து ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்த கிளர்ச்சியில் முன்னணியில் நின்றவர்களில், அதே உதவித்தொகையில் பயின்றுகொண்டிருந்த தென்னாப்பிரிக்க மாணவர் ஒருவரும் இருந்தார். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்று அவரைச் சிலர் ஏசினார்கள். உண்ட சோறு யாருடையது என்பதல்லவா அங்கே கேள்வி?

இனி, பரிசு கொடுப்பவர்கள் விடும் பிழைகளைக் கூற வேண்டும். நமக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுவே.

இனத்தையோ சமயக் கருத்தையோ காரணம் காட்டி எவரையும் விலக்கக் கூடாது என்று அந்த உயிலில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது ஒன்று, நடந்தது வேறொன்று. 1907ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து ஆலன் லாக் என்ற கறுப்பின இளைஞர் தேர்வானார். ஹார்வர்டில் சிறப்பாகத் தேறியவர். ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரிக்குப் பின் கல்லூரியாக அவரை மறுத்தன; இறுதியில் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி ஏற்றுக்கொண்டது. தென் மாநிலங்களிலிருந்து வந்த ரோட்ஸ் மாணவர்கள் அவரோடு சமமாக அமர மறுத்தார்கள். அங்கிருந்த அமெரிக்க மாணவர்களுக்கென நடந்த நன்றியறிதல் நாள் விருந்துக்கு அவரை அழைக்கவில்லை. ‘தோழமை’ என்னும் குணத்துக்காக மதிப்பெண் பெற்று வந்தவர்கள் செய்த காரியம் இது! ஆலன் லாக் பிற்காலத்தில் தத்துவப் பேராசிரியராகி, கறுப்பின மக்களின் கலை இலக்கிய எழுச்சிக்கு வழிகாட்டியாக விளங்கினார். அவருக்குப் பின் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் மீண்டும் தேர்வாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பெண்களின் கதையும் அவ்வாறே. பரிசு தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்களுக்கு இடமே இல்லை. உயிலில் ஆண்கள் என்று இருந்தது. 1975ஆம் ஆண்டு பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. 1977ஆம் ஆண்டுதான் முதல் மாணவியர் ஆக்ஸ்ஃபோர்டில் கால் வைத்தார்கள். அதற்கு முந்திய எழுபது ஆண்டுகளில் அறிவிலும் பரிவிலும் சிறந்த பெண்கள் இருக்கவில்லையா? இருந்தார்கள். அளந்தவர்கள் அவர்களை அளவைக்கே எடுக்கவில்லை.

இத்தனை பிழைகளுக்கிடையிலும் அந்தப் பரிசின் நோக்கத்தை மெய்ப்பித்துக் காட்டியவர்கள் உண்டு. பென்சிலினை மருந்தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கி 1945ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆஸ்திரேலியரான ஃபுளோரி, ரோட்ஸ் மாணவர்தாம். அவரைப் பலரும் அறிவர். நாம் சற்று நின்று பேச விரும்புவது வேறு இருவரைப் பற்றி.

முதலாமவர் பிராம் ஃபிஷர். தென்னாப்பிரிக்க வெள்ளையர். தாத்தா ஒரு காலனியின் பிரதமர், தந்தை நீதிபதி. 1930களின் தொடக்கத்தில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று திரும்பி, பெரும் புகழ் வாய்ந்த வழக்கறிஞரானார். நிறவெறி அரசில் எந்தப் பதவியும் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரோ 1963-64ஆம் ஆண்டுகளில் ரிவோனியா வழக்கில் நெல்சன் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் வாதாடிய வழக்கறிஞர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். தூக்குமேடையை எதிர்நோக்கியிருந்த அவர்களுக்கு ஆயுள் தண்டனையே விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் அஹ்மத் கத்ராடா. குஜராத்தின் சூரத் பகுதியிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறையிலிருந்தபடியே அஞ்சல் வழியில் நான்கு பட்டங்கள் பெற்றவர். ஆண்டுக்கு ஒரு பாடத்தில் தவறிவிட்டாலே துவண்டுபோகும் நம் பிள்ளைகள் அவர் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

ஃபிஷருக்கு என்ன நேர்ந்தது? வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். 1966ஆம் ஆண்டு அவருக்கும் ஆயுள் தண்டனை. புற்றுநோயால் நலிந்து 1975ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய சாம்பலைக்கூடக் குடும்பத்தாரிடம் விடாமல் சிறைத்துறை எடுத்துக்கொண்டது. 2003ஆம் ஆண்டுதான் அவர் பெயர் மீண்டும் வழக்கறிஞர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவர் கம்யூனிஸ்ட், கொள்கையில் அவருக்கும் நமக்கும் நெடுந்தூரம். ஆனால் நலிந்தோரிடம் பரிவு என்பதற்குரிய அறுபதுக்கு அறுபதையும் பெற்றவர் என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை.

மற்றவர் நமக்கு அண்டையிலுள்ளவர். கேரளத்தில் பிறந்து பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சலீம் யூசுஃப். 1947 முதல் இந்திய மாணவர்களுக்கும் அளிக்கப்பட்டு வரும் ரோட்ஸ் உதவித்தொகையை அவர் 1976ஆம் ஆண்டு பெற்றார். இதயநோய் ஆராய்ச்சியில் புகுந்து, பிறகு கனடாவில் பேராசிரியராகப் பணியாற்றினார். 52 நாடுகளில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேரிடம் நடத்தி 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அவருடைய தலைமையில் நடந்தது. புகை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம் முதலான ஒன்பது காரணங்களே மாரடைப்பு அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பொறுப்பு என்று அது காட்டியது. பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இக்காரணங்கள் பொது. பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, ஏழை நாட்டவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்கலாம் என்னும் யோசனையை அவரும் தோழர்களும் இந்தியாவிலேயே சோதித்து 2009ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தகைய கூட்டு மாத்திரையை உலக சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டு இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மேடையேறிப் பேசுவதும் கூட்டம் சேர்ப்பதுமே தலைமை என்று எண்ணும் இளைஞர்களுக்கு இது புரிய வேண்டும். ஐம்பத்திரண்டு நாட்டு மருத்துவர்களை ஒரே கேள்வியின் கீழ் ஒன்றுசேர்த்து வேலை வாங்கியதும் தலைமைதான்.

மாணவச் செல்வங்களே! பாராட்டில் ஓர் அச்சமும் கலந்திருக்கிறது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவர் போர்க்களத்தில் துணிவு காட்டியவர். ஒருவர் கற்றவர். ஒருவர் வாரி வழங்கியவர். மூவரும் மக்களின் புகழ்ச்சிக்காகவே செய்தார்கள்; புகழ்ச்சி இங்கேயே கிடைத்துவிட்டது; அங்கே அவர்களுக்கென எதுவும் மிஞ்சவில்லை. துணிவு, கல்வி, கொடை. ஏறத்தாழ நம் கேடயத்திலுள்ள மூன்றேதான். இதைச் சொல்லி உங்கள் மகிழ்ச்சியைக் குறைப்பது நம் நோக்கமன்று. அந்த எச்சரிக்கை பரிசு வாங்குவோருக்கு மட்டுமல்ல, கொடுப்போருக்கும் உரியது என்பதற்காகவே கூறினோம். பரிசளிப்பு விழா நம் ஜமாஅத்தின் பெருமைக்காக நடப்பதாகிவிட்டால், படமெடுத்து ஆண்டு மலரில் அச்சிட்டதோடு அது முடிந்துவிடும்.

ஆகவே நிர்வாகத்தார் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் மதிப்பெண் பட்டியலோடு, உடன் படித்தோர் இருவரின் கடிதமும் கேட்கப்பட வேண்டும். உறவினர் கடிதம் கூடாது. அவ்விருவரில் ஒருவர் முஸ்லிமல்லாத தோழராக இருந்தால் மிகவும் நன்று. நம் பிள்ளை வெளியுலகில் எப்படி நடந்துகொண்டது என்பதை அவர் சொல்லட்டும். கடிதத்தில் புகழுரை வேண்டாம். நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதினால் போதும்.

அடுத்து, மாணவியர். சென்ற ஆண்டுகளில் அவர்களுக்குரிய கேடயத்தை வாப்பாவோ காக்காவோ மேடையேறி வாங்கினார்கள். பட்டியலிலும் இன்னாரின் மகள் என்றே வாசிக்கப்பட்டது. ஐந்தாண்டு ஆய்வுக்கூடத்தில் நின்று முதுகலை முடித்தவர் அந்தப் பெண். அவருடைய பெயர் ஊருக்குத் தெரியாமலே விழா முடிந்துவிடுகிறது. பேணுதலுக்காகவே இப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிவோம். பெயரைச் சொல்வதில் பேணுதல் குறைந்துவிடாது. ஹதீஸ் கலையில் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் முதற்கொண்டு அறிவிப்பாளர்களான பெண்மணிகளின் பெயர்களை மதரஸாவில் ஓதாத நாள் உண்டா? பெண்கள் பகுதியிலேயே மூத்த ஆசிரியை ஒருவர் வழங்க, மாணவியே தம் கையால் பெற்றுக்கொள்ளட்டும்.

மூன்றாவது வேண்டுகோளுக்குப் பணம் தேவைப்படும். பட்டம் வாங்கி முடித்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இரண்டாம் பருவக் கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை விட்டவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேர அந்நாளில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா அவர்கள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்ததைக் கலாம் அவர்களே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அந்த அக்காவின் கைவளை இல்லையென்றால் பிற்காலத்து விருதுகள் எங்கே? எல்லோருக்கும் அப்படியோர் அக்கா வாய்ப்பதில்லை. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்காக ஒன்றிய அரசு நடத்திவந்த மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப்பும் 2022ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. கேடயம், பொன்னாடை, மேடை அலங்காரம், விருந்து ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் பாதியை பைத்துல்மாலில் தனிக் கணக்காக வைத்து, கட்டண நாளன்று கல்லூரிக்கே நேராகச் செலுத்தினால் என்ன? பிரியாணியில் ஒரு சட்டி குறைந்ததற்காக இங்கு எவரும் வருந்தப்போவதில்லை. வருந்துபவர் இருந்தால் நம்மிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறோம்.

பரிசு பெறும் உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஊரில் இருக்கும் விடுமுறை நாட்களில், மக்தபு கட்டடத்தில் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன படிப்பது, எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று தெரியாமல் திகைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நாம் ஓதிய மதரஸாவில் நமக்கு அதையெல்லாம் கற்றுத்தரவில்லை. அவர்கள் நம்மிடம் கேட்டால் உங்களிடம்தான் அனுப்ப முடியும். கட்டாயம் ஏதுமில்லை. மக்தபின் சாவி முஅத்தின் அவர்களிடம் இருக்கிறது.

படிவத்தையும் தனிக் கணக்கையும் பற்றி அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பேசுவதாகத் தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். மாணவியர் பற்றிய வேண்டுகோளுக்கு மட்டும் கூட்டம் தேவையில்லை. ஆசிரியை அவர்கள் திரைக்கு அப்பால் வந்து அமர்ந்திருப்பதாகச் செய்தி வந்துள்ளது. கேடயங்களை அங்கே அனுப்பிவிட்டு, செயலாளர் அவர்கள் முதலில் மாணவியரின் பெயர்களை அவரவர் பெயராகவே, படித்த பாடத்தையும் சேர்த்து, ஒலிபெருக்கியில் வாசிக்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம். வஸ்ஸலாம்.